சொந்த வீட்டு வாடகை

சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டே மாதம் பதினைந்து ரூபாய் வாடகை கொடுத்தவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்கள் கொடுத்தோம். ஸ்ரீரங்கத்தில் என் மாமனார் கட்டிய ஓட்டு வீடு அது. முன்பக்கம் கூடமும் ஓர் அறையும். பின்பக்கம் சமையல்கட்டு, தாழ்வாரம், கிணறு. முன்வாசலில் அழகிரி மாமாவின் பூட்டு தொங்கியது. நானும் என் வீட்டுக்காரர் ரெங்கராஜும் எங்கள் மகளும் பக்கத்துச் சந்து வழியாகப் புகுந்து சமையல்கட்டில் குடியிருந்தோம். தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பூட்டைக் கடக்கும்போதெல்லாம் கதவை எட்டி உதைக்கவேண்டும் போலிருக்கும். ஒருநாள் உதைத்தும் பார்த்தேன். கால் விரல்தான் வீங்கியது.

அழகிரி மாமா யாரென்று சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் சந்திரம்மாளின் மாமனார், வையம்பட்டியில் கடலை வியாபாரி. 1957 தை மாதம் தன் மகன் பிச்சமுத்துவுக்குச் சந்திராவைக் கேட்டு வந்தார். பெண் பிடித்திருக்கிறது, ஜாதகம் பொருந்துகிறது, மாப்பிள்ளை கடை வைக்க ரொக்கமாக இரண்டாயிரம் மட்டும் சபையில் வைத்துவிடுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தங்கைக்கு இவர்தான் எல்லாம். இரண்டாயிரத்துக்கு எங்கே போவது என்று விழித்தார்.

"அதுக்கென்ன ரெங்கராசு, நமக்குள்ள என்ன?" என்றார் அழகிரி மாமா. "வீட்டை ஏழு வருஷத்துக்குப் போக்கியமா எழுதிக் குடுத்துடு. பணத்தை நானே தர்றேன்."

போக்கியம் என்றால் வட்டி கிடையாது. அதற்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர் வீட்டை அனுபவித்துக்கொள்வார். அப்படியானால் நாங்கள் எங்கே போய்க் குடியிருப்பது என்று கேட்டதற்கு, பெரிய மனசு பண்ணிப் பின்பக்கத்தை எங்களுக்கே வாடகைக்கு விட்டார். பத்திரம் பதிவானதும் ஊதா நூலில் கட்டிய நோட்டுக்கட்டை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். கல்யாணத்தன்று அதே கட்டு, அதே ஊதா நூல், தாம்பாளத்தில் ஏறி அவர் கைக்கே போயிற்று. பணம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதுபோலப் போய்விட்டது, வீடு மட்டும் திரும்பவில்லை. அந்தக் கடையையும் இன்றுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.

"இது என்னங்க கூத்து? அவரு பணம் அவருகிட்டயே போச்சு. நம்ம வீடு எதுக்குப் போச்சு?" என்று கேட்டேன்.

"சபையில நாலு பேரு பார்க்கக் குடுத்தாத்தான் சந்திராவுக்கு அங்க மரியாதை. விடு வேலம்மா" என்றார்.

விடு. அந்த ஒரு சொல்லைத்தான் என் வீட்டுக்காரர் வாழ்க்கை முழுவதும் சேர்த்து வைத்திருந்தார். எனக்கு விடத் தெரியாது. ஏழு வருஷக் கெடு முடியும்வரை காத்திருந்தால், கையில் காசில்லாத எங்களிடம் வீட்டையே விலை பேசி முடித்துவிடுவார் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது. அந்தப் பூட்டைக் கெடுவுக்கு முன்னாலேயே கழற்றிக் காட்டுகிறேன் என்று ரெங்கநாதரைச் சாட்சி வைத்துக்கொண்டேன்.

சம்பள நாளில் கவர் என் கைக்கு வந்தாகவேண்டும் என்று சட்டம் போட்டேன். அவர் கையில் இருந்தால் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வருவார். என் பெயரில் தபாலாபீசில் கணக்குத் திறந்தேன். காபி நின்றது, காலையில் நீராகாரம். ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றது. விறகை நிறுத்திவிட்டு மரக்கடையிலிருந்து மரத்தூள் வாங்கி வந்து தூள் அடுப்பில் சமைத்தேன். அது புகைந்து புகைந்து கண்ணைப் பிடுங்கும். அவர் பஸ்ஸை விட்டுவிட்டு, பழைய சைக்கிள் ஒன்றில் காவிரிப் பாலம் ஏறி இறங்கிப் பொன்மலைக்குப் போய்வந்தார். வெற்றிலையை அவரே விட்டுவிட்டார், அதற்கு மட்டும் நான் சண்டை போடவேண்டியிருக்கவில்லை. உறையூரிலிருந்து கல் கொண்டுவந்து கொடுக்கும் லூர்துராணி மூலமாகக் கம்மல் கல் பட்டை தீட்டும் வேலை கிடைத்தது. செயற்கை வைரம்தான், ஆனால் விரல் தேய்வது நிஜமாகத் தேய்ந்தது.

மகளின் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் முக்கொம்பு அணை பார்க்க அழைத்துப் போனார்கள். ஒன்றரை ரூபாய் கேட்டாள். கிடையாது என்றேன். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "பூட்டு கழட்டினப்புறம் போகலாமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படிப் பேசக்கூடாது. அன்றைக்கு எனக்கு அழகிரி மாமாமேல் வந்த ஆத்திரத்தில் அம்மிக்கல்லைத் தூக்கியிருப்பேன், ஆள்தான் எதிரில் இல்லை.

வைகுண்ட ஏகாதசி வந்தால் ஆள் எதிரில் இருப்பார். மார்கழியில் ஊருக்குள் கூட்டம் நெரியும்போது வையம்பட்டியிலிருந்து வந்து பூட்டைத் திறந்து, கூடத்தையும் அறையையும் வெளியூர்க்காரர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவார். பெருமாளைச் சேவிக்க வந்தவர்கள் எங்கள் கிணற்றில் குளித்து எங்கள் கொடியில் வேட்டி காயப்போடுவார்கள். ஒரு வருஷம் அவர்களுக்கு நான் இட்லி அவித்து விற்றேன். நல்ல வியாபாரம். கிளம்பும்போது அழகிரி மாமா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"என் குடித்தனக்காரங்களுக்கு வித்திருக்கே. அதுல எனக்கு ஒண்ணும் இல்லையா தாயி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நாலு இட்லி மிச்சம் இருக்கு. கட்டித் தரட்டுமா மாமா?" என்றேன்.

சம்பந்தியிடம் அதற்குமேல் பேசக்கூடாது என்று என் வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். அங்கே சந்திரா இருக்கிறாள், நாம் இங்கே ஒன்று பேசினால் அவளுக்கு அங்கே இரண்டு விழும் என்பது அவர் கவலை. இவள் கல்யாணத்துக்காகத்தானே இத்தனையும் என்று எனக்குச் சந்திராமேலும் எரிச்சல்தான். ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாமே, அண்ணன் வீட்டை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று? வாயைத் திறக்கமாட்டாள். அண்ணனுக்கு ஏற்ற தங்கை.

1961 ஆனி மாதம் தபாலாபீஸ் கணக்கு இரண்டாயிரத்தைத் தொட்டது. இன்னும் இரண்டரை வருஷம் கெடு இருந்தது. பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் வையம்பட்டிக்குப் போனேன். கடலை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார் அழகிரி மாமா. பணத்தை எடுத்து வைத்ததும் அவர் முகம் மாறியது. ஒருமுறை முழுக்க எண்ணினார். பிறகு என் பக்கமே தள்ளிவிட்டார்.

"கெடு எப்போ? அறுபத்துநாலு தை. அதுக்கு முந்தி வாங்கணும்னு பத்திரத்துல எங்கேயாவது இருக்கா?"

"கடன் குடுத்தவரு கடனை வாங்க மாட்டேன்னா என்ன மாமா நியாயம்?"

"நியாயமெல்லாம் பத்திரத்துல இருக்கு. சம்பந்தி வீட்டுக்குப் பணத்தைத் தூக்கிக்கிட்டு வர்றதே அசிங்கம். சாப்பிட்டுப் போங்க" என்றார்.

நான் சாப்பிடவில்லை. திருச்சியில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் போய்க் கேட்டோம். கெடுவுக்கு முந்தி அவர் மனசு வைத்து வாங்கினால் உண்டு, வாங்கியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றார். நாலு வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு மறு மாதமும் பதினைந்து ரூபாய் வாடகை எண்ணி வைத்தேன்.  

அத்தோடு போகவில்லை. பணம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதல்லவா? ஒரு மாதத்திலேயே அழகிரி மாமா வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்தார். சந்திராவின் மகள் குட்டி மாரியாயிக்கு ஆவணியில் காதுகுத்து.

"தாய்மாமன் சீர் குறைச்சலா இருந்தா ஊர்ல நான் தலைகாட்ட முடியாது ரெங்கராசு. அஞ்சு பவுன், பட்டு, வெள்ளிக் கொலுசு, ஒரு கிடா. உன்னால முடியாததையா கேக்குறேன்? கண்ணால பார்த்தேனே" என்றார்.

முதலில் சீர், பிறகு தலைத்தீபாவளிக்குச் செய்யாமல் விட்டது, பிறகு அடுத்த பிள்ளை. இரண்டரை வருஷத்துக்குள் அந்தப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு, கெடுவன்று வெறுங்கையோடு எங்களை நிறுத்துவதுதான் அவர் கணக்கு. என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்து, "விடு வேலம்மா, தாய்மாமன் கடமை" என்றார். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை. பேசாமலேயே ஒரு யோசனை பண்ணினேன்.

காதுகுத்தில் தாய்மாமன் சீர்த்தட்டைச் சபையில் வைத்துவிட்டால், பெண்ணைக் கொண்டவர்கள் அதைத் திருப்பித் தள்ளக்கூடாது. தள்ளினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். எந்த வழக்கம் எங்கள் வீட்டைப் பிடுங்கியதோ அதே வழக்கத்தால் அவர் கையைக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். கடன் பணத்தைச் சீர்த்தட்டோடு கொண்டுபோய் நானூறு பேர் முன்னால் வைத்து, இது போக்கியப் பணம் என்று மைக்கில் சொல்லவைத்துவிட்டால் எப்படி வேண்டாம் என்பார்?

ஆவணியில் போனோம். வாசலில் பந்தல், ஒலிபெருக்கி, தவில். கொல்லையில் பெரிய அண்டாக்களில் கறி கொதித்தது. மொய் எழுத ஒருவர் மேசை போட்டுக் காத்திருந்தார். பத்து வருஷமாகச் சுற்றுவட்டாரத்தில் தான் வைத்த மொய்யையெல்லாம் அன்றைக்குத் திரும்ப வாங்கப்போகிற சந்தோஷத்தில் அழகிரி மாமா பந்தலுக்குள் அங்கும் இங்கும் பறந்தார். முதலில் தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்தவேண்டும், அதற்குப் பிறகுதான் மொய். நல்ல நேரம் பத்தரை வரைக்கும்.

என் வீட்டுக்காரர் மணையில் உட்கார, சந்திரா குழந்தையை அவர் மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தட்டில் பாவாடை சட்டை, தேங்காய் பழம், சின்னதாக ஒரு ஜோடித் தோடு வைத்தேன். இன்னொரு தட்டில் பணம். மைக் பிடித்திருந்தவரிடம் போய், "இது போக்கியக் கடன் இரண்டாயிரம், ரெங்கராஜ் திருப்பிக் கட்டுறாருன்னு சொல்லுங்க" என்றேன். அவர் அழகிரி மாமாவின் முகத்தைப் பார்த்தார். அழகிரி மாமா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"தாய்மாமன் ரெங்கராசு சீர், ரொக்கமா ரெண்டாயிரம் ரூபாய்! வையம்பட்டியில எவனும் இப்படிச் செஞ்சதில்லை!"

தவில் வெளுத்துக்கட்டியது. கூட்டம் கை தட்டியது. நான் கத்தினேன். "சீர் இல்ல, கடன்! கடன் பணம்!" ஒலிபெருக்கிக்கு முன்னால் என் தொண்டை எம்மாத்திரம்? அந்த ஆள் பணத்தையும் வாங்கிக்கொண்டு கடனையும் மிச்சம் வைத்துவிட்டார். சீர்த்தட்டில் வைத்தால் அது சீர்தானே என்றுதான் நாளைக்கு நானூறு பேரும் சாட்சி சொல்வார்கள். அவர் கையைக் கட்டப் போய் என் கையை நானே கட்டிக்கொண்டேன். முக்கொம்பு, காபி, மரத்தூள் புகை எல்லாம் அந்தத் தட்டில் இருந்தது. 

"விடு வேலம்மா, சபையில..." என்றார் என் வீட்டுக்காரர். 

அப்போதுதான் சந்திரா எழுந்தாள். நேராகப் போய்ப் பணத்தட்டைக் கையில் எடுத்தாள். தவில்காரரைப் பார்த்து நிறுத்து என்று கையைக் காட்டினாள். தவில் நின்றுவிட்டது.

"இது சீர்தானே மாமா?" என்று கேட்டாள்.

"ஆமா தாயி, உங்க அண்ணன் உனக்குச் செஞ்ச சீர்."

"எனக்குத்தானே?"

"உனக்குத்தான். ஊரே கேட்டுச்சே."

"அப்ப நான் யாருக்கு வேணாலும் குடுப்பேன்" என்று தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். "எங்க அண்ணன் வீட்டுப் போக்கியத்துக்கு நான் கட்டுறேன். பத்திரத்தை எடுங்க."

 அழகிரி மாமாவின் கழுத்து சிவந்தது. "கெடு இன்னும் முடியலை தாயி. ரெண்டரை வருஷம் இருக்கு" என்றார்.

சந்திரா திரும்பி வந்து, அண்ணன் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அப்ப காதுகுத்தையும் கெடு முடிஞ்சப்புறமே வெச்சுக்குவோம் மாமா" என்றாள்.

என் வீட்டுக்காரர் மணையிலிருந்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பதினோரு வருஷத்தில் அவர் 'விடு' என்று சொல்லாமல் ஒரு காரியத்தில் எழுந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல். "வா வேலம்மா, பாசஞ்சருக்கு நேரமாச்சு. தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் குத்துறாங்களோ குத்திக்கட்டும்" என்றார்.

ஆசாரி ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டு, பத்து மணி தாண்டிவிட்டது என்று பொதுவாகச் சொன்னார். மொய் எழுதுகிறவர் பேனாவை மூடினார். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து செருப்பைத் தேடினார். அந்தச் செருப்பைப் பார்த்ததும்தான் அழகிரி மாமாவுக்கு உறைத்தது. காது குத்தாவிட்டால் மொய் கிடையாது. பத்து வருஷத்து மொய்யும், அண்டாவில் கொதிக்கிற கறியும் அந்தச் செருப்புக்காரர் பின்னாலேயே வாசலைத் தாண்டிப் போய்விடும்.

"பிச்சமுத்து! அந்தப் பத்திரத்தை எடுத்துட்டு வா" என்று கத்தினார்.

"சாவியும்" என்றேன் நான்.

மொய் எழுதுகிறவரே பத்திரத்தின் முதுகில் பணம் முழுவதும் வரவு என்று எழுதினார். அழகிரி மாமா கையெழுத்துப் போட்டார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சி போட்டார்கள். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து ரத்து எழுதித் தருவதாக மைக்கில் சொல்லவைத்தேன். அதற்குப் பிறகுதான் குட்டி மாரியாயி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஊரே அதிரக் கத்திக் காது குத்திக்கொண்டாள். நாங்கள் கிளம்பும்போது சந்திரா தூணோரம் நின்றிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ரயிலுக்கு நேரமாச்சு அண்ணி, போங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். மகள் முன்வாசலில் நுழைந்து கொல்லைவரை ஓடி, மறுபடி முன்வாசலுக்கு ஓடி வந்து, அலுக்கிறவரை ஓடினாள். மறுநாள் அவர் காபிப்பொடி வாங்கி வந்தார். சொன்னபடி அழகிரி மாமா வந்து ரத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். போகட்டும் என்று ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எரிகிறது. அவர் கோபம் எந்த வீட்டில் போய் இறங்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு மத்தியானம் சந்துப் பக்கம் யாரோ நிற்கிற நிழல் தெரிந்தது. போய்ப் பார்த்தால் சந்திரா. இடுப்பில் குழந்தை, காலடியில் தகரப் பெட்டி. குழந்தையின் காதில் நான் வைத்த தோடு இல்லை. வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"வாசல் தொறந்து கிடக்கு. சந்துல ஏன்டி நிக்கிறே?" என்றேன்.

"அண்ணன் வீட்டை மீட்டவ அங்கேயே போய் இருன்னுட்டாரு மாமா. உங்க தம்பி ஒண்ணும் பேசலை" என்றாள். பிச்சமுத்து பேசவில்லை. அவன் பேசியதாகச் சரித்திரமே கிடையாது. எனக்கு அந்தக் குடும்பத்தையே ரயிலேறிப் போய் உலுக்கவேண்டும் போலிருந்தது.

சந்திரா பெட்டியைத் தூக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "முன்னறை ஒண்ணை மட்டும் எனக்கு விடுங்க அண்ணி. வாடகை எவ்வளவுன்னு சொல்லிடுங்க. கல்லு பட்டை தீட்டக் கத்துக்கிட்டு மாசாமாசம் குடுத்துடுறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அழகிரிமேல், பிச்சமுத்துமேல், இவளை இப்படிக் கேட்கவைத்த எல்லார்மேலும். இவள்மேலும்தான். "இனிமே இந்த வீட்டுல எவளாச்சும் வாடகைன்னு வாயெடுத்தா பல்லைத் தட்டிடுவேன்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கத்திக்கொண்டே குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் அந்தப் பெட்டியைத் தூக்கினேன். அவள் சந்துக்குள்ளேயே நடக்கப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் இல்லடி" என்றேன். "முன்வாசல் வழியா வா."